வழவழப்புக்குள் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜிகர்தண்டாவில் போடும் கடல் பாசியைப் பற்றி எழுதியபோது கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "ஆற்றிலும் ஊற்றிலும் வளரும் நன்னீர்ப் பாசிகளிலும் இப்படிப்பட்ட பசைப்பொருள் உண்டு, சில ஊர்களில் அவற்றைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள்." அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. 31 வருடம் ஒரு மகளிர் கல்லூரியில் உணவு வேதியியல் நடத்தியவள் நான். பிள்ளைகள் தாமாகக் கேள்வி கேட்கும் நாள்தான் எனக்கு நல்ல நாள். ஆகவே இந்த மாதம் முழுக்கப் பாசிதான்.

கேள்வி: நன்னீர்ப் பாசியில் 'பாலிசாக்கரைடு' இருக்கிறது என்கிறீர்கள். அது என்ன? கடல் பாசி மாதிரி காய்ச்சி ஊற்றினால் அதுவும் இறுகுமா? – வாசகி, காரைக்குடி

வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூல் நூலாக இழுக்கிறதே, அது பாலிசாக்கரைடு. பாதாம் பிசின் ஊறிப் பொங்குவதும், சப்ஜா விதையைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டாவதும் அதனால்தான். சின்னச் சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீளமான சங்கிலியாகிவிடுகின்றன. சங்கிலியானதும் இனிப்பு போய்விடும். தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் வந்துவிடும். அரிசி மாவும் பருத்தி நூலும்கூட இந்தக் குடும்பம்தான்.

பாசிக்குள் இது மூன்று இடங்களில் இருக்கும். உள்ளே சேமிப்பாக இருப்பது ஒன்று, வீட்டில் நெல் குதிர் இருப்பது போல. செல்லின் சுவராக இருப்பது இன்னொன்று. பச்சைப் பாசிகளில் இது பெரும்பாலும் செல்லுலோஸ். மூன்றாவது, வெளியே போர்த்திக்கொண்டிருக்கும் வழவழப்பு. நீலப்பச்சைப் பாசிகளில் சில இந்தப் போர்வையைத் தம் உடம்பைவிடப் பல மடங்கு பெரிதாக நெய்துகொள்ளும். வெயிலில் காய்ந்துபோகாமல் இருக்கவும், கல்லில் ஒட்டிக்கொள்ளவும், தின்ன வரும் பூச்சியின் வாயிலிருந்து தப்பிக்கவும் அவற்றுக்கு அது வேண்டியிருக்கிறது.

இறுகுமா என்றால், பெரும்பாலும் இறுகாது. ஜிகர்தண்டாவில் போடுவது அகர். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்து வருகிறார்களே, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று, அந்தச் சிவப்புப் பாசிகளிலிருந்து வருவது. அகருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கிட்டத்தட்ட 85 டிகிரியில் உருகும், ஆனால் 35–40 டிகிரிக்கு இறங்கினால்தான் இறுகும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே நம் ஊர்ச் சூட்டில் கட்டியாக நிற்கிறது. நன்னீர்ப் பாசிகளின் பசை பொதுவாக அப்படிக் கட்டியாகாது. கெட்டிப்படுத்தும், தண்ணீரைப் பிடித்து வைக்கும், மெல்லிய ஏடாகப் படியும். ஜெல்லி வேண்டுமென்றால் கடலுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி மண்டிக் கிடக்கிறது. இதைச் சுத்தம் செய்து உணவுப் பொருளாக்க வழி உண்டா? இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொழிலாகச் செய்ய நினைக்கிறோம். – வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

தம்பி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் பாசியைத் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

குளத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் நீர்மேல் படர்வது பல இடங்களில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. சாக்கடையும் வயலில் போட்ட உரமும் வந்து சேரும் தேங்கிய நீரில் அது செழிக்கும். அதில் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது நேரே கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கும் அளவுக்கு அது கொடியது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் டயாலிசிஸ் செய்துகொண்ட சிறுநீரக நோயாளிகள் 50 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய நீரில் இந்த நஞ்சு கலந்திருந்ததுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. பாசியின் வழவழப்பு தண்ணீரை மட்டும் பிடித்து வைப்பதில்லை. அந்தச் சங்கிலிகளில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் நிறைய உண்டு. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. வந்து ஒட்டிக்கொண்டால் விடாது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே குளத்தில் என்ன கலந்ததோ அது பாசியில் இருக்கும், அதைவிட அடர்த்தியாகவே இருக்கும். தண்ணீர் எப்படியோ பாசி அப்படி. உங்கள் இளைஞர் குழு முதலில் அந்தக் குளத்துக்குள் எங்கிருந்து சாக்கடை வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தினால் அதுவே பெரிய வேலை.

கேள்வி: நன்னீர்ப் பாசியைச் சமைத்துச் சாப்பிடுவது யார்? நீங்கள் ருசித்துப் பார்த்ததுண்டா? – வாசகி, கோயம்புத்தூர்

உண்டு. ஆறு வருடம் முன்னால் என் மகள் என்னை லாவோஸ் நாட்டு லுவாங் பிரபாங் ஊருக்குக் கூட்டிப் போனாள். மீகோங் ஆறும் நாம் கான் என்ற சிற்றாறும் சேரும் இடத்தில் இருக்கிற பழைய ஊர். அவள் கோயில் பார்க்கப் போனாள். நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. நான்கு பெண்கள் முழங்கால் நீரில் நின்று, கல்லில் ஒட்டியிருந்த பச்சைப் பாசியைக் கையில் சுருட்டிச் சுருட்டி எடுத்தார்கள். பெண் குழந்தையின் ஈரத் தலைமுடியைக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒவ்வொரு கற்றையையும் ஓடும் நீரில் அலசி, மணலும் நத்தைக் குஞ்சும் போகும்வரை உதறினார்கள். நான் எண்ணினேன், ஒரு கற்றைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. இந்தப் பாசிக்கு அங்கே 'காய்' என்று பெயர்; தாய்லாந்தின் வடக்கிலும் அதே பெயர்தான். அறிவியலில் கிளாடோஃபோரா என்போம்.

அலசியதைத் தட்டிப் பரப்பி, கூரை வேயும் கீற்றுப்போல் பெரிய சதுரத் தாளாக ஆக்குகிறார்கள். அதன்மேல் எள், மெல்லிய தக்காளி வில்லை, பூண்டு தூவி வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்ததும் 'காய் பேன்' ஆகிவிடும். நான் ஒரு தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கோந்து கிடையாது, மாவு கிடையாது, ஒன்றுமே சேர்க்கவில்லை. நூலோடு நூல் பின்னிக்கொண்டு தாளாக நிற்கிறது. அதுதான் பாலிசாக்கரைடின் வேலை. கிளாடோஃபோராவின் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் மிகவும் ஒழுங்காக அடுக்கப்பட்டது, படிகம் போல. மரத்தின் செல்லுலோஸைவிட உறுதியானது. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இதே பாசியின் செல்லுலோஸை வைத்துக் காகித பேட்டரிகூடச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கடையில் பொரித்துக் கொடுத்தார்கள். காய்ந்த எண்ணெயில் போட்டதும் இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும், மூன்று எண்ணினால் கசந்துவிடும். கூடவே எருமைத் தோல் சேர்த்த மிளகாய்த் துவையல் தருவார்கள். நான் சைவம் என்பதால் அதை விட்டுவிட்டு வெறும் பாசியைக் கடித்தேன். அப்பளம் போல் நொறுங்கியது. முதலில் எள் வாசனை, அப்புறம் பொரித்த முருங்கைக்கீரை ருசி, கடைசியில் நாற்று நட்ட வயலின் மணம். அந்த மணம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இரண்டு பொட்டலம் வாங்கி வந்து மதுரையில் நல்லெண்ணெயில் பொரித்து ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். என் தங்கை பெயர் கேட்காமலேயே இரண்டாவது தடவை எடுத்தாள்.

தாய்லாந்தில் மீகோங் கரையில் சியாங் கோங் ஊரிலும் இதை எடுக்கிறார்கள். ஆனால் அங்கே சில வருடங்களாகவே ஒரு கவலை இருக்கிறது. மேலே சீனாவில் ஆற்றுக்குக் குறுக்கே அணைகள் வந்துவிட்டன. முன்பெல்லாம் கோடையில் மெதுவாக வற்றும் ஆறு, இப்போது அணை திறந்தால் ஏறுகிறது, மூடினால் இறங்குகிறது. இந்தப் பாசிக்குத் தெளிந்த, ஆழமில்லாத, சீராக ஓடும் நீர் வேண்டும். கல்லுக்கு வெயில் எட்ட வேண்டும். திடீரென்று ஏறினால் இருட்டில் மூழ்கும், திடீரென்று இறங்கினால் காய்ந்து சாகும். ஆற்றோடு பிறந்து வளர்ந்த பெண்களின் கைவேலை, எங்கோ ஒருவர் திருப்பும் மதகில் போய் நிற்கிறது. எனக்கு அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

நம் நாட்டிலும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிப்பூரில் குளிர்காலத்தில் வேகமாக ஓடும் சுத்தமான மலை ஓடைகளில் லெமானியா என்ற பாசி வளர்கிறது. அகர் தரும் கடல் பாசிகளைப் போல இதுவும் சிவப்புப் பாசி வகைதான், ஆனால் நன்னீரில் வாழ்வது. மணிப்பூரி மொழியில் 'நுங்சம்' என்பார்கள். 'நுங்' என்றால் கல், 'சம்' என்றால் முடி. கல்லில் முளைத்த முடி! காய வைத்துச் சந்தையில் விற்கிறார்கள். நான் இன்னும் சாப்பிட்டதில்லை. மணிப்பூரில் வாசகர் யாராவது இருந்தால் சமைக்கும் விதத்தை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டு விருந்தில் நண்பர் வீட்டில் கறுப்பு முடி போல ஒரு பாசி வைத்தார்கள். இதுவும் நீங்கள் சொல்லும் வகையா? சாப்பிடலாமா? – வாசகர், ஈப்போ, மலேசியா

அது 'ஃபா சாய்'. நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி வகை. தண்ணீருக்குள் வளர்வதில்லை, சீனாவின் வடக்கு, வடமேற்கில் வறண்ட புல்வெளியின் தரையில் வளரும். 'ஃபா சாய்' என்று சொன்னால் 'செல்வம் பெருகட்டும்' என்ற வாழ்த்தின் ஓசை வருகிறது, அதனால்தான் புத்தாண்டில் வைக்கிறார்கள். தண்ணீரில் போட்டதும் பொங்கி வழவழப்பாவது அதன் பாலிசாக்கரைடுப் போர்வைதான்.

இதைச் சீவி எடுக்க எடுக்க அந்தப் புல்வெளி பாலையாகிக்கொண்டே வந்ததால், 2000-ஆம் ஆண்டு சீன அரசு இதைச் சேகரிக்கவும் விற்கவும் தடை போட்டது. அப்புறம், சந்தையில் மாவால் செய்த போலியும் நிறைய உண்டு. அசலிலோ நரம்பைப் பாதிக்கக்கூடிய பி.எம்.ஏ.ஏ. என்ற அமினோ அமிலம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் நண்பர் வீட்டில் அன்போடு வைத்ததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வாங்கி வந்து வீட்டில் சமைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இதன் உறவுக்காரர்கள் நன்னீரில் இருக்கிறார்கள். சீனாவின் ஹூபே மாகாணத்து நெல்வயல்களில் பச்சை முத்துப் போல ஒன்று வளரும். 'கோ முனிவரின் அரிசி' என்று அழகான பெயர். பெரு நாட்டில் ஆண்டிஸ் மலை ஏரிகளில் திராட்சை போல உருண்டையாக மிதப்பதைக் 'குஷுரோ' என்று சொல்லிச் சூப்பில் போடுகிறார்கள்.

கேள்வி: நான் உணவுப் பொருள் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஜப்பானிய நன்னீர்ப் பாசியிலிருந்து எடுக்கும் 'சாக்ரான்' தன் எடையைப் போல் 6,000 மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று படித்தேன். நம்பலாமா? ஐஸ்கிரீமிலும் சாஸிலும் இதைப் பயன்படுத்தும் காலம் வருமா? – வாசகர், பெங்களூரு

நம்பலாம். ஆனால் அதன் கதையை முழுக்கக் கேட்க வேண்டும்.

ஜப்பானின் கியூஷூ தீவில் மட்டும், அதுவும் தரையிலிருந்து ஊறிவரும் தெளிந்த ஊற்றுநீரில் மட்டும் வளரும் பாசி ஒன்று உண்டு. பெயர் சுய்சென்ஜி நோரி. குமாமோத்தோ நகரத்தில் இருக்கும் சுய்சென்ஜி என்ற இடத்தின் பெயரால் வந்தது. குறுக்கே கையை விட்டு எடுத்தால் வழவழவென்று வடிவமில்லாத ஜெல்லிக் கட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத செல்கள் பதிந்திருக்கும். நீரின் சூடு வருடம் முழுக்க 20 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். கோடையில் கொஞ்சம் கூடினாலும் தாங்காது. 1872-ல் இதைப் பார்த்த நெதர்லாந்துத் தாவரவியலாளர் சுரிங்கர், பெயரில் 'சாக்ரம்' என்ற லத்தீன் சொல்லை வைத்தார். 'புனிதமானது' என்று அர்த்தம். சாக்ரான் என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது.

இதை 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே உணவாக்கி வருகிறார்கள். ஃபுகுவோகா மாவட்டத்து அசாகுரா ஊரில் கோகானே என்று ஒரு சின்ன ஆறு. அங்கே இதை வளர்த்து, அலசி, அரைத்து, மெருகு போடாத சுட்ட ஓட்டின்மேல் பூசி, தாள் போலக் காய வைப்பார்கள். சாப்பிடும் முன் ஊற வைத்தால் கறும்பச்சை ஏடாக விரியும். அதற்கென்று பெரிய ருசி கிடையாது. பல்லுக்கும் நாக்குக்கும் இடையில் வழுக்கிப் போகும் அந்த உணர்ச்சிக்காகவே விருந்துச் சாப்பாட்டில் வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பிரபு இதைத் தலைநகரத்துக்குக் காணிக்கையாக அனுப்பியிருக்கிறார்.

சரி, சாக்ரானுக்கு வருவோம். இஷிகாவா மாவட்டத்தில் ஜப்பான் மேம்பட்ட அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மைக்கோ ஒகாஜிமா, தாட்சுவோ கானெகோ ஆகியோரின் குழு இந்த ஜெல்லியைக் காரக் கரைசலில் சூடாக்கிக் கரைத்து, ஆல்கஹாலில் நார் போல வீழ்படிவாக்கிப் பிரித்தெடுத்தது. 2008-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூலக்கூறு எடை 1 கோடிக்கும் மேல். இயற்கையில் கிடைக்கும் சங்கிலிகளில் இதுபோல் நீளமானவை அபூர்வம். சங்கிலி முழுக்க சல்பேட், கார்பாக்சில் என்று எதிர்மின்னேற்றக் கொத்துகள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சங்கிலியை விரித்து வைக்கின்றன, இடையில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. 1 கிராம் ஏறக்குறைய 6 லிட்டர் சுத்தமான நீரைப் பிடித்துவிடும். அழகுசாதனக்காரர்கள் கொண்டாடும் ஹயலூரானிக் அமிலத்தைப் போல் ஐந்து மடங்கு.

'சுத்தமான' என்ற சொல்லில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உப்புநீரில் இந்த அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உப்பின் சோடியம் போய் அந்த எதிர்மின்னேற்றங்களை மூடிவிடும். தள்ளிக்கொள்ள ஆளில்லாமல் சங்கிலி சுருங்கும். உப்பு, கால்சியம், புளிப்பு இல்லாத உணவு எது? பாலில் கால்சியம், சாஸில் உப்பும் வினிகரும். அதனால் ஆய்வகத்தில் எடுத்த எண்ணைச் சமையலறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. பாதியாகக் குறைந்தாலும் அது பெரிய எண்தான், அதை மறுக்கவில்லை. உங்கள் ஆய்வகத்தில் எந்தப் பசையைச் சோதித்தாலும் காய்ச்சி வடித்த நீரோடு நிறுத்தாமல் மோரில், சாம்பாரில், எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள் என்பது என் பழைய பாடம்.

ஐஸ்கிரீமுக்கு இன்று போடுவது கொத்தவரை விதையின் குவார் கோந்து, கடல் பாசியின் காராஜீனன், ஆல்ஜினேட். டன் கணக்கில் கிடைக்கின்றன, விலையும் கட்டுப்படியாகிறது. சாக்ரான் பெரும்பாலும் முகப்பூச்சுகளில் போய்ச் சேர்வதற்குக் காரணம் அளவுதான். அந்தப் பாசி வளரும் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குமாமோத்தோவின் எஸு ஏரியில் இதன் வாழிடத்தை 1924-லேயே இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1953 வெள்ளத்தில் சேறு வந்து மூடியது. அதன்பின் நகரம் வளர்ந்து ஊற்றும் மெலிந்தது. 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சுய்சென்ஜி தோட்டத்துக் குளமே வற்றிப் போய், அப்புறம் மெல்ல மெல்ல நீர் திரும்பியது. கோகானே ஆற்றிலும் ஊற்றுநீர் குறைந்து, நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்து விட்டுத்தான் வளர்க்கிறார்கள். இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று ஜப்பானின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

6,000 மடங்கு தண்ணீர் பிடிக்கும் பொருளைச் செய்யும் பாசிக்கே தண்ணீர் போதவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தொழில் செய்பவர்கள் "இயற்கைப் பொருள்" என்று லேபிளில் அச்சிடுவதற்கு முன் அந்த ஊற்றின் கரையில் ஒருநாள் போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: தினம் ஸ்பைருலினா மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவும் நன்னீர்ப் பாசிதானே? இதன் பாலிசாக்கரைடு புற்றுநோயைத் தடுக்கும் என்று விற்றவர் சொன்னார். – வாசகி, திண்டுக்கல்

நன்னீர் என்று சொன்னாலும் அது கொஞ்சம் காரமான, சோடா உப்பு கலந்த நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கம் கனெம்பு இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதை வடிகட்டி, மணலில் ஊற்றிக் காய வைத்து, 'திஹே' என்ற வில்லையாக்கிக் குழம்பில் போடுகிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் தொட்டி கட்டி வளர்ப்பது பல வருடமாக நடக்கிறது. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராமத்துப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த முன்னோடிகளில் ஒன்று.

இதன் பெருமை புரதம். 100 கிராம் பொடியில் 57 கிராம் அளவுக்குப் புரதம். மாவுச்சத்து அதில் பாதிகூட இல்லை. செல் சுவரில் செல்லுலோஸ் கிடையாது, அதனால் எளிதாகச் செரிக்கிறது. 1996-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதிலிருந்து கால்சியம் ஸ்பைருலான் என்ற சல்பேட் பாலிசாக்கரைடைப் பிரித்தெடுத்தார்கள். அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் சில வைரஸ்கள் நுழைவதைத் தடுத்தது. கண்ணாடித் தட்டில் நடந்தது வேறு, உங்கள் உடம்பில் நடப்பது வேறு அம்மா. புற்றுநோய்க்கு இது மருந்து என்று சொல்லி விற்பவரிடம் மறுபடி வாங்காதீர்கள். யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்தவே கூடாது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று: ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்பு ஏற்காத போலி வடிவம். பி12 குறைவென்றால் மருத்துவரைப் பாருங்கள். நான் வாரம் ஒருநாள் அடை மாவில் ஒரு டீஸ்பூன் பொடி கலக்கிறேன், புரதத்துக்காக. அதற்கு மேல் போட்டால் மீன் வாடை தூக்கும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்குப் பாசியை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது சொல்லுங்கள் மேடம். – மாணவி, திருநெல்வேலி

உன் கடிதத்தைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன் கண்ணு.

மழை பெய்த மறுநாள் மொட்டை மாடிக்குப் போ. பழைய சுண்ணாம்புத் தளமோ, தோட்டத்தில் புல் முளைக்காத மண்தரையோ இருந்தால் தேடு. கறும்பச்சையாக, ஊறிய அப்பளம் கசங்கியது போல, தொட்டால் வழுக்கும் துண்டுகள் கிடந்தால் அது நாஸ்டாக். ஈப்போ வாசகர் கேட்ட ஃபா சாய்க்குத் தங்கை முறை. வெயில் அடித்தால் கருகிய அப்பளத் துணுக்குப் போலச் சுருண்டுவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கையுறை போட்டுக்கொண்டு எடு. வாயில் வைக்காதே.

மண்போக அலசி, காகிதத்தில் பரப்பி, நொறுங்கும்வரை காய வை. உன் பள்ளி ஆய்வகத்தின் தராசில் சரியாக 1 கிராம் நிறுத்துக்கொள். காய்ச்சி வடித்த நீர் இருக்கும் டம்ளரில் போட்டு அரை மணி நேரம் கழித்து, வடிகட்டி, மேல் ஈரத்தை ஒற்றிவிட்டு மறுபடி நிறு. இன்னொரு 1 கிராமை, ஒரு டம்ளரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்த நீரில் அதேபோல் செய். மூன்றாவது டம்ளரில் 1 கிராம் சப்ஜா விதை, ஒப்பிட்டுப் பார்க்க. மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பெங்களூரு அண்ணனுக்கு நான் மேலே சொன்னது நாஸ்டாக்குக்கும் பொருந்துகிறதா என்று உன் கையாலேயே தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்தாதே. முதல் டம்ளரில் ஊறிய துண்டைத் திரும்பக் காய வைத்து, அதே துண்டை மறுபடி ஊற வை. இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நீர் எடுக்கிறது என்று குறித்துக்கொண்டே வா. அமெரிக்காவில் 87 வருடம் காய்ந்து காகிதத்தில் ஒட்டிக் கிடந்த நாஸ்டாக்கை ஈரப்படுத்தியபோது அது மறுபடி உயிர் பிடித்து வளர்ந்ததாக 1941-ல் லிப்மன் என்ற விஞ்ஞானி எழுதியிருக்கிறார். சோதனை முடிந்ததும் மிச்சத்தைக் குப்பையில் போடாமல், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்த் தூவிவிடு. உன் ஐந்து எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அடுத்த இதழில் போடுகிறேன்.